பூட்டைப் பழைய வீட்டிலேயே விட்டுவந்த கதை

எங்கள் மாவட்டத்தில் கல்வி உதவித்தொகை தரும் சிறிய அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் இணையதளத்தைப் பல தளங்கள் ஒரே சர்வரைப் பங்கிடும் பகிர்வு ஹோஸ்டிங்கிலிருந்து, விபிஎஸ் என்னும் தனி மெய்நிகர் சர்வருக்கு மாற்றித் தரும் வேலை கடந்த மே மாதம் என்னிடம் வந்தது. வேர்ட்பிரஸ் தளம், நாற்பது ஐம்பது பக்கங்கள், ஒரு விண்ணப்பப் படிவம், அவ்வளவுதான். சனி இரவு உட்கார்ந்தால் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு முன் எழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் ஆனது.

பக்கங்களைத் தூக்கி வைப்பது பெரிய காரியமில்லை. அந்தப் படிவத்தின் வழியாக எட்டு ஆண்டுகளாக வந்து குவிந்திருந்தவைதான் காரியம். ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் என ஒரு விண்ணப்பத்துக்கு ஐந்து பிடிஎஃப். தந்தை இல்லாத பிள்ளை என்றால் இறப்புச் சான்றிதழும் சேர்த்து ஆறு. எல்லாம் அப்லோட்ஸ் கோப்புறைக்குள், ஆண்டுவாரியாக.

வெள்ளி மாலை பழைய சர்வருக்குள் நுழைந்ததும் எதையும் புதிய சர்வருக்கு நகலெடுக்காமல், என்னென்ன கிடக்கின்றன என்று மட்டும் பார்த்தேன். வீடு மாறும்போது பரணில் கிடப்பதையெல்லாம் அப்படியே லாரியில் ஏற்றக்கூடாது அல்லவா? தளத்தின் வேர்க் கோப்புறையிலேயே (இதற்குள் இருப்பதை இணைய முகவரி கொடுத்து வெளியிலிருந்து கேட்கலாம்) 2019இல் எடுத்த முழு பேக்கப் ஒன்று ஜிப்பாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு எஸ்கியூஎல் கோப்பு, அதாவது தரவுத்தளம் முழுவதும் எழுத்தாக. யாரோ எப்போதோ சோதனைக்குப் போட்டு மறந்த பிஎச்பி-இன்ஃபோ பக்கம், சர்வரின் அமைப்பு விவரங்களைக் காட்டுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேர்ட்பிரஸ்ஸின் கான்ஃபிக் கோப்புக்கு ஒரு நகல், பெயரின் கடைசியில் 'பேக்' என்ற ஒட்டோடு.

இந்தக் கடைசியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உண்மையான கான்ஃபிக் கோப்பு பிஎச்பி என்று முடிகிறது. வெளியிலிருந்து யாராவது அதைக் கேட்டால், சர்வர் அதைத் திறந்து காட்டாது, இயக்கும். இயக்கினால் வெளியே வருவது ஒன்றுமில்லை, வெற்றுப் பக்கம். அதே கோப்புக்கு 'பேக்' என்று வால் ஒட்டிவிட்டால், இது இயக்கவேண்டிய நிரல் என்று சர்வருக்குத் தெரியாது. கேட்டவருக்கு அப்படியே எடுத்துக் கொடுத்துவிடும், தரவுத்தளக் கடவுச்சொல்லையும் சேர்த்து. தொகுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் நல்ல பழக்கத்தால் வந்த வினை இது. இணையம் முழுக்கச் சுற்றும் தானியங்கி நிரல்கள் முதலில் கேட்டுப் பார்க்கும் பெயர்களில் இதுவும் ஒன்று.

நான்கையும் பழைய சர்வரிலேயே அப்போதே அழித்தேன். மாற்றி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடவில்லை.

அடுத்தது நகலெடுக்கும் வழி. கட்டுப்பாட்டுப் பலகத்தில் முழு பேக்கப் எடுத்து, அந்த ஜிப்பைத் தளத்தின் வேரில் வைத்து, புதிய சர்வரிலிருந்து அதன் முகவரியைக் கொடுத்து இழுத்துக்கொள்வது எல்லோரும் செய்யும் குறுக்குவழி. நானும் பல தடவை செய்திருக்கிறேன். பத்து நிமிட வேலை, ஆனால் அந்தப் பத்து நிமிடமும் மொத்த வீடும் வாசல் திண்ணையில் கிடக்கிறது. வேலை முடிந்ததும் ஜிப்பை அழிக்க மறப்பதும் அடிக்கடி நடப்பதுதான். 2019இன் ஜிப் அங்கே வந்த வழியும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இந்த முறை தரவுத்தளத்தை மைஎஸ்கியூஎல்-டம்ப் என்ற கட்டளை வழியாக எடுத்து, எந்த இடத்திலும் கோப்பாக இறக்காமல், எஸ்எஸ்எச் என்ற மறையாக்க இணைப்பின் குழாய் வழியே நேராகப் புதிய தரவுத்தளத்துக்குள் ஊற்றினேன். கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டினால் அது கட்டளைகளைத் தட்டும் ஷெல்லின் வரலாற்றில் தங்கிவிடும். அதனால் எனக்கு மட்டும் படிக்க உரிமை உள்ள, 600 என்று அனுமதி வைத்த ஒரு சிறு கோப்பில் எழுதி, அதிலிருந்து படிக்கச் சொன்னேன். கோப்புகளுக்கு, கணினிகளுக்கிடையே நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற நிரல்.

ஆர்சிங்க் மிகவும் நேர்மையான வேலைக்காரன். அனுமதிகளையும் இம்மி பிசகாமல் தூக்கிவந்தது. பழைய சர்வரில் அப்லோட்ஸ் கோப்புறைக்கு யாரோ 777, அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம் எழுதலாம் என்ற அனுமதி, கொடுத்திருந்தார்கள். எப்போதோ படம் ஏறவில்லை என்று புகார் வந்திருக்கும், 777 போட்டதும் ஏறியிருக்கும், அத்தோடு விட்டிருப்பார்கள். அந்த 777 புதிய வீட்டிலும் வந்து உட்கார்ந்திருந்தது. கோப்புறைகளுக்கு 750, கோப்புகளுக்கு 640 என்று மாற்றினேன். வெப் சர்வரின் குழுவுக்குப் படிக்க மட்டும் உரிமை, எழுதும் உரிமை அப்லோட்ஸுக்கு மட்டும். கான்ஃபிக் கோப்பைத் தளத்தின் வேருக்கு ஒரு படி மேலே நகர்த்தினேன். வேரில் அது இல்லையென்றால் வேர்ட்பிரஸ் தானாகவே ஒரு படி மேலே போய்த் தேடும் என்பது பலருக்குத் தெரியாது.

சோதனைக்காக ஒரு துணை டொமைன் அமைத்து, லெட்ஸ் என்கிரிப்ட்டில் எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கினேன். யாருக்கும் சொல்லவில்லை, எங்கும் இணைப்பு இல்லை. கால் மணி நேரத்தில், வந்து கேட்பவர்களைப் பதியும் லாக்கில் கூட்டம். டாட் என்வ் (கடவுச்சொற்களை வைக்கும் கோப்பு) இருக்கிறதா, டாட் கிட் (நிரலின் மாற்ற வரலாறு உள்ள கோப்புறை) இருக்கிறதா, பேக்கப் ஜிப் இருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். காரணம் எளியது. இன்று பொதுச் சான்றிதழ் எதை வாங்கினாலும் அதன் பெயர் 'சர்ட்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி' என்ற பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. 2018 முதல் குரோம் அதை வற்புறுத்துகிறது. பதிவேடு நல்ல நோக்கத்துக்காக வந்தது, போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்க. ஆனால் புதுமனை புகுவிழாவுக்கு ஊரெங்கும் நோட்டீஸ் ஒட்டியதும் அதுதான். துணை டொமைனை யாருக்கும் தெரியாத இடமாக நினைத்து உண்மையான தரவைப் போட்டுச் சோதிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நல்ல வேளை, அந்த நேரத்தில் என் சர்வரில் வெற்று வேர்ட்பிரஸ்தான் இருந்தது. துணை டொமைனை எடுத்துவிட்டு, என் மடிக்கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் உண்மையான டொமைனுக்குப் புதிய ஐபியை எழுதிவைத்துச் சோதனையைத் தொடர்ந்தேன். புதிய சர்வரில் இணையப் பக்கங்களுக்கான 80, 443 வாசல்களை ஃபயர்வாலில் என் ஐபிக்கு மட்டும் திறந்துவைத்தேன்.

சனி இரவு பதினொன்றுக்கு எல்லாம் ஏறிவிட்டது. முகப்பு வந்தது. படங்கள் வந்தன. படிவம் வேலை செய்தது. தமிழ் எழுத்துகள் உடையவில்லை. காபி போட்டுக்கொண்டு வந்து, தூங்கப் போவதற்கு முன், வெறுமனே ஒரு சந்தேகத்துக்கு, லாகின் செய்யாத தனி ஜன்னலில் ஒரு பிடிஎஃப் முகவரியை நேராக ஒட்டினேன். திறந்தது. ஒரு மாணவியின் வருமானச் சான்றிதழ். தாயின் பெயர், முகவரி, தொழில் கூலி, ஆண்டு வருமானம், கீழே மின்னொப்பம்.

பழைய சர்வரில் இதே முகவரி 403, அனுமதி இல்லை என்று கதவைச் சாத்தியது. பழைய சர்வரில் ஓடிய வெப் சர்வர் நிரல் அப்பாச்சி. அங்கே அப்லோட்ஸுக்குள் இருந்த எச்டிஅக்சஸ் என்ற சிறு கோப்பில் ஆறு வரிகள் காவல் காத்தன. புதியதில் என்ஜின்எக்ஸ் என்ற வேறு நிரல். அதற்கு எச்டிஅக்சஸ் என்றால் என்னவென்றே தெரியாது, அதைப் படிக்கவே படிக்காது. ஆர்சிங்க் அந்தக் கோப்பையும் பத்திரமாகக் கொண்டுவந்துதான் சேர்த்திருந்தது. கோப்பு வந்தது, காவல் வரவில்லை. இதில் எங்கும் பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. தளம் முன்பைவிட வேகமாக ஓடியது. சிரிப்பு என்னவென்றால், அந்த எச்டிஅக்சஸ் கோப்பையே முகவரியாகக் கொடுத்தால் என்ஜின்எக்ஸ் அதையும் எடுத்து நீட்டியது, படித்துக்கொள் என்று.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. கேட்டிருந்தால் அரைத் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். ஆனால் நான் சரிபார்த்ததெல்லாம் திறக்கவேண்டியவை திறக்கின்றனவா என்றுதான். திறக்கக் கூடாதவை மூடியிருக்கின்றனவா என்று பார்க்க என் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

சரி, பூட்டுப் போடுவோம் என்று என்ஜின்எக்ஸ் அமைப்பில் அந்தக் கோப்புறையின் பெயருக்கு ஒரு லொக்கேஷன் (இந்த முகவரி வந்தால் இதைச் செய் என்னும் விதி) எழுதி, உள்ளே 'எல்லோருக்கும் மறுப்பு' என்ற வரியைப் போட்டேன். அமைப்பைச் சோதித்தேன், சரி என்றது. மறுபடி ஏற்றினேன். அதே முகவரியைத் தட்டினேன். வருமானச் சான்றிதழ் மறுபடி வந்தது.

பிரவுசர் பழைய நகலைக் காட்டுகிறதோ என்று, பிரவுசர் இல்லாமலே முகவரியைக் கேட்கும் கர்ல் கட்டளையில் கேட்டேன். கொடுத்தாகிவிட்டது என்னும் பதில், 200. கோப்புறையின் பெயரில் எழுத்துப் பிழையோ என்று பார்த்தேன். இல்லை. நள்ளிரவு ஒன்றேகால். வேறு ஒரு கோப்பைக் கேட்டேன், எழுத்துக் கோப்பு ஒன்று. 403. பிடிஎஃப் மட்டும் 200. அப்போதுதான் உறைத்தது.

வேகத்துக்காக நானே அன்று மாலை ஒரு விதி எழுதியிருந்தேன். ஜேபிஜி, பிஎன்ஜி, பிடிஎஃப் என்று முடியும் கோப்புகளை பிரவுசர் ஒரு மாதம் சேமித்துக்கொள்ளலாம் என்று ஒரு ரெஜெக்ஸ் லொக்கேஷன், அதாவது முகவரியின் எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் விதி. என்ஜின்எக்ஸ் ஒரு முகவரியை எப்படிப் பிரிக்கிறது என்றால், முதலில் முகவரியின் தொடக்கத்தைப் பார்க்கும் சாதாரண முன்னொட்டு லொக்கேஷன்களில் மிக நீளமாகப் பொருந்துவதைக் கண்டுபிடித்து மனத்தில் வைத்துக்கொள்கிறது. அத்தோடு நிற்பதில்லை. அடுத்து ரெஜெக்ஸ் லொக்கேஷன்களை எழுதிய வரிசையில் பார்க்கிறது. ஒன்று பொருந்தினால், மனத்தில் வைத்திருந்ததை விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடுகிறது. என் மறுப்பு முன்னொட்டில் இருந்தது, வேக விதி ரெஜெக்ஸில். பிடிஎஃப்பை எனக்கு எடுத்துக் கொடுத்தது வேக விதி. அங்கே மறுப்பு எதுவும் இல்லை. வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, பக்கத்துச் சந்தில் நானே ஒரு கதவு வைத்திருக்கிறேன்.

தீர்வு இரண்டே எழுத்து. முன்னொட்டு லொக்கேஷனுக்கு முன்னால் ^~ என்று போட்டால், இது பொருந்திவிட்டால் ரெஜெக்ஸ் பக்கம் போகாதே என்று பொருள். போட்டேன். பிடிஎஃப் 403.

இவ்வளவு நேரம் ஆன பிறகுதான் பழைய எச்டிஅக்சஸ்ஸின் ஆறு வரிகளை உட்கார்ந்து படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். இரண்டு செய்திகள் கிடைத்தன. ஒன்று, ஒரு குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும் அனுமதி இருந்தது, அறக்கட்டளை அலுவலகத்தின் பழைய பிராட்பேண்ட் இணைப்பு. அந்த இணைப்பை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். அந்த எண் இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது, விதி பிடிஎஃப்புக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது. படிவம் பிடிஎஃப்பை மட்டும் வாங்குகிறது, பிறகென்ன என்று எழுதியவர் நினைத்திருப்பார். நியாயமான நினைப்புதான், ஆனால் 2016 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 4.7 முதல் ஒரு வசதி உண்டு. மீடியா நூலகத்தில் பிடிஎஃப் ஏறினால், சர்வரில் இமேஜ்மேஜிக், கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பட நிரல்கள் இருக்கும் பட்சத்தில், முதல் பக்கத்தை ஜேபிஜி படமாக வரைந்து பக்கத்திலேயே வைத்துவிடும். ஆதார் நகலுக்கு முதல் பக்கம் என்பதுதானே முழுப் பக்கம்? கோப்புறையைத் திறந்து பார்த்தேன். பிடிஎஃப் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று நான்கு அளவுகளில் படங்கள். பெரியதில் எண்கள் தெளிவாகப் படிக்க முடிந்தது. இவை பழைய சர்வரிலேயே, காவல் இருந்ததாக நாம் நினைத்த காலமெல்லாம், திறந்துதான் கிடந்தன.

அன்றிரவு பழைய சர்வரில் அந்த ஜேபிஜிகளுக்கும் மறுப்பு வரி சேர்த்துவிட்டுத்தான் படுத்தேன். மாற்றும் நாளைத் தள்ளிப்போட்டேன்.

ஞாயிறு காலை அறக்கட்டளைச் செயலாளருக்குத் தொலைபேசினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டுவிட்டு, "எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், தம்பி?" என்றார்.

"இந்த மாத லாக் மட்டும்தான் அந்த ஹோஸ்டிங்கில் இருக்கிறது, ஐயா. அதில் வெளியார் யாரும் எடுத்த தடம் இல்லை. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உதவித்தொகை கிடைக்காத பிள்ளைகளின் காகிதங்களும் அதில் இருக்கின்றனவா?" என்று கேட்டார். இருந்தன. கிடைத்தவர்களைவிடப் பல மடங்கு. "பணமும் கொடுக்கவில்லை, காகிதத்தையும் திருப்பித் தரவில்லை" என்றார். அடுத்த வாரம் குழுவைக் கூட்டி, தேர்வாகாத விண்ணப்பங்களின் ஆவணங்களை அழிப்பதென்றும், தேர்வானவர்களுடையதைத் தணிக்கைக்குத் தேவைப்படும் ஆண்டுகள் வரை மட்டும் வைப்பதென்றும் தீர்மானம் போட்டார்கள். 2023இன் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் தீர்மானத்துக்குக் காரணம் சட்டம் இல்லை, அவருடைய அந்த ஒரு வாக்கியம்தான். படிவத்திலும், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே கேட்பது என்று மாற்றினோம். சர்வரில் இல்லாத கோப்புக்குப் பூட்டும் தேவையில்லை. அந்த ஒரு தீர்மானத்தில் கோப்புறை கால்பங்காகச் சுருங்கியது.

மிஞ்சியதற்கு மறுப்பு வரி மட்டும் போதாது என்று முடிவு செய்தேன். நாளைக்கு வேறொருவர் வேகத்துக்காக இன்னொரு ரெஜெக்ஸ் எழுதுவார், அல்லது சர்வரை மாற்றுவார், மறுபடி முதலிலிருந்து. ஆகவே ஆவணங்களைத் தளத்தின் வேருக்கு முற்றிலும் வெளியே, முகவரியால் எட்டவே முடியாத கோப்புறைக்கு நகர்த்தினேன். அலுவலகத்தினர் பார்க்கவேண்டுமே? பிஎச்பியில் சிறு நிரல் ஒன்று: லாகின் செய்திருக்கிறாரா, விண்ணப்பங்களைப் பார்க்கும் உரிமை உள்ளவரா என்று பார்க்கும். ஆம் என்றால் எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட் என்ற ஒரு ஹெடரை (பதிலின் தலைப்பு வரி) மட்டும் அனுப்பும். தலையசைப்பு பிஎச்பியுடையது, கோப்பைத் தூக்கிக் கொடுப்பது என்ஜின்எக்ஸ். அந்த லொக்கேஷனுக்கு 'இன்டர்னல்' என்று குறி இருப்பதால் வெளியிலிருந்து நேராகக் கேட்பவருக்கு, அப்படி ஒன்று இல்லை என்னும் 404தான் வரும். படிவத்தை நடத்தும் செருகுநிரலில் மாற்றியது பதினைந்து வரிகூட இருக்காது. மீடியா நூலகத்தில் சேர்க்கும் வரியையும் எடுத்துவிட்டதால் முதல் பக்கப் படங்கள் பிறப்பதும் நின்றது. பிறந்திருந்தவற்றை அழித்தேன்.

பிறகு ஒரு பட்டியல். திறக்கக் கூடாத முகவரிகளாக நாற்பது. பிடிஎஃப், அதன் படங்கள், எச்டிஅக்சஸ், டாட் கிட், டாட் என்வ், கான்ஃபிக்கின் எல்லா வால்களும், பெரிய எழுத்தில் முடியும் பிடிஎஃப், அப்லோட்ஸ் கோப்புறையின் வெற்று முகவரி. ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றையும் கர்லில் கேட்டு, பதில் எண்ணை ஒரு வரியாக அச்சிடும். டொமைன் பெயருக்கு ஐபி எது என்று ஊருக்குச் சொல்லும் டிஎன்எஸ்ஸை மாற்றும் முன்பே புதிய சர்வரைக் கேட்க, இந்தப் பெயருக்கு இந்த ஐபி என்று கர்லுக்கு மட்டும் சொல்லும் 'ரிசால்வ்' என்ற விருப்பம் போதும். முதல் ஓட்டத்தில் ஐந்து 200 வந்தன. அதில் இரண்டு நான் எதிர்பார்க்காதவை: பிழைகளைக் குறித்துவைக்கும் வேர்ட்பிரஸ்ஸின் டிபக் லாக், பழைய செருகுநிரல் ஒன்று தானாக எழுதிவைத்த ஏற்றுமதிக் கோப்பு. அந்த ஏற்றுமதியில் எண்ணூறு கைபேசி எண்கள். மூன்றாவது ஓட்டத்தில் எல்லாம் 403 அல்லது 404.

டிஎன்எஸ் மாற்றம் சாதாரணமாகவே நடந்தது. பழைய ஐபியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை இரண்டு நாள் முன்பே 300 நொடிக்கு இறக்கியிருந்தேன், மாற்றும் இரவு படிவத்தை மூடி வைத்தேன். இல்லையென்றால் பாதி விண்ணப்பம் பழைய வீட்டிலும் பாதி புதிய வீட்டிலும் போய் விழும். மாற்றிய பின் அதே நாற்பது முகவரிகளை மறுபடி கேட்டேன், பழைய ஐபியிலும் புதிய ஐபியிலும். தரவுத்தளக் கடவுச்சொல்லையும் கான்ஃபிக்கில் உள்ள எட்டு ரகசியச் சாவிகளையும் புதிதாக்கினேன். எல்லோருடைய லாகினும் விழுந்தது, இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். தேடுபொறியில் அந்த முதல் பக்கப் படங்களில் மூன்று ஏறியிருந்தன. கூகுளின் நீக்கக் கருவியில் கொடுத்தேன். அது சுமார் ஆறு மாதம்தான் மறைக்கும், அதற்குள் முகவரி 404 சொன்னால்தான் நிரந்தரமாகப் போகும். சொல்லிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து, பழைய ஹோஸ்டிங்கில் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் கட்டுப்பாட்டுப் பலகத்தின் பேக்கப்களையும் அழித்துவிட்டுக் கணக்கை மூடினோம். அன்று மாலை நிம்மதியாக என் மடிக்கணினியில் வேறெதையோ தேடியபோது, டவுன்லோட்ஸ் கோப்புறையில், வெள்ளிக்கிழமை முதல் பார்வைக்காக இறக்கிவைத்த அந்த 2019 ஜிப் சிரித்துக்கொண்டிருந்தது.

செயலாளர் ஒன்றே ஒன்று கேட்டார், ஒரு பிரதி தம் பீரோவில் இருக்கவேண்டும் என்று. செவன்-ஜிப்பில், கோப்புப் பெயர்களும் தெரியாதபடி, கடவுச்சொல்லால் பூட்டி ஒரு பென் டிரைவில் கொடுத்தேன். கடவுச்சொல்லைத் தனிக் காகிதத்தில் எழுதித் தந்து, இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம், ஐயா என்று சொன்னேன். போன வாரம் அலுவலகம் போனபோது பீரோவைத் திறந்து காட்டினார். பென் டிரைவைச் சுற்றி அந்தக் காகிதம், அதன் மேல் தொலைந்துபோகாமல் இருக்க இரண்டு ரப்பர் பேண்ட்.

நான் பார்த்த பார்வையில் புரிந்துகொண்டு, காகிதத்தை உருவி மேல்தட்டில் வைத்தார்.